குழந்தைகள் வரிசையில் ஒரு பெயர்

நனைந்த கறுப்புக் கல்லில் கிறைண்டரின் பிளேட் தொட்டதும் ஒரு வாசம் எழும். முதல் மழைக்கும் அணைத்த தீக்குச்சிக்கும் நடுவில் நிற்கிற வாசம். மூக்கைத் துணியால் கட்டியிருந்தாலும் உள்ளே வந்துவிடும். பெரிய கல் வெட்டும்போது அது வெறும் வேலை வாசம்தான். சின்னக் கல் வெட்டும்போது மட்டும் என் கை கொஞ்சம் நின்று போகும். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வெளியே வந்து கடல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நினைவில் ஒரு பெண்ணின் குரல் வரும். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் மன்னாரில் கல்லறைக் கல் வைக்கிறவன். டைல்ஸ் பதிக்கிற மேசனாகத் தொடங்கினேன். உயிரோடு இருப்பவர்களின் தரையிலிருந்து மெல்ல மெல்லச் சேமக்காலைக்கு நகர்ந்தேன். கத்தோலிக்கரின் இடுகாட்டை எங்கள் பக்கம் சேமக்காலை என்போம். சேமித்து வைக்கிற இடம் என்று நானாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, வேலை செய்ய அந்த நினைப்பு உதவுகிறது.

ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பங்கின், அதாவது அந்தக் கோயில் வட்டாரத்தின், பெயரை விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

கழுதைக்கும் ஒரு சட்டம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் மெஷினைப் பற்றிக் கேட்பார்கள். எந்த பிளேட், எந்தக் கம்பனி, எழுத்தைக் கையால் வெட்டுவதா, ஸ்டிக்கர் ஒட்டி மணல் பீய்ச்சி எடுப்பதா. நான் சட்டத்தைச் சொல்வேன். கல்லை எவரும் வெட்டலாம். வைப்பதற்குத்தான் சட்டம் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். எங்கள் கரையில் பெரும்பாலும் இப்படி. அடக்கம் முடிந்து ஒரு மாரி போகாமல் கல் வைக்கக் கூடாது. தீவு முழுக்க மணல். மழைத்தண்ணீர் இறங்கி, மண் தன்பாட்டில் அமர்ந்து, இனி நான் அசையமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் வைத்த கல் அடுத்த வருடம் குடிவெறிகாரன் மாதிரிச் சாய்ந்து நிற்கும். கல் தலைமாட்டில் மட்டும் வர வேண்டும். குழியை மேலால் கொங்கிறீற் போட்டு மூடக் கூடாது, ஏனென்றால் காலம் போன பிறகு அதே குழியை அந்தக் குடும்பத்தில் இன்னொருவருக்காகத் திறப்பார்கள். புருசனுக்கு மேல் பெண்சாதி, தகப்பனுக்கு மேல் மகன். இடம் குறைவு, சனம் கூட.

கல்லில் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் பங்குத் தந்தை பார்த்துக் கடிதம் தர வேண்டும். பெயர் ஞானஸ்நானப் பெயராக இருக்க வேண்டும். கோயில் புத்தகத்தில் என்ன பெயரோ அதுதான் கல்லிலும்.

பிறகு உயரம். வளர்ந்தவர்களுக்கு இடுப்பளவு, குழந்தைகள் வரிசையில் முழங்காலளவு. இந்தச் சட்டத்துக்குக் கோயில் சொல்கிற காரணம் எளிமை. நான் கண்ட காரணம் கழுதை. மன்னாரில் கழுதைக்கு வேலி கிடையாது. சோளகக் காற்றில் மணல் பறக்கும்போது அவை சேமக்காலைக்குள் வந்து கல்லின் மறைவில் நிற்கும். நிற்கிற கழுதைக்கு முதுகு அரித்துக் கடிக்கும், உரஞ்ச இடம் தேடும். உயரமான கல் என்றால் அதற்குச் சொர்க்கம்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பி, தாயின் கல்லில் தேவதூதர் சிலை கேட்டுப் போன் எடுத்தார்.

"அண்ணை, அம்மாவுக்கு ஒரு சம்மனசு வைக்க வேணும். செட்டை ரெண்டும் விரிச்சபடி."

"செட்டை வைக்கலாம் தம்பி. கழுதை உரஞ்சினா ஒரு செட்டையோடதான் நிப்பார்."

"கழுதையோ? சேமக்காலைக்குள்ள கழுதை ஏன் வருது?"

"அதை நீங்கள் கழுதையிட்டத்தான் கேக்க வேணும்."

கடைசியில் அவர் ஒரு நல்ல, கட்டையான சிலுவைக்குச் சம்மதித்தார். இன்றைக்கும் அது நிற்கிறது. எந்தக் கல்லை வைத்து முடித்தாலும் நானே திரும்பி நின்று முதுகால் ஒரு உரஞ்சு உரஞ்சிப் பார்ப்பேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அழ வந்த இடத்தில் ஒரு சிரிப்புக் கிடைத்தால் அதுவும் கூலிக்குள் அடக்கம்.

மரச்சிலுவை

மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் அன்ரனும் ஜெனிற்றாவும் பட்டறைக்கு வந்தார்கள். அன்ரன் கரையோரக் கிராமம் ஒன்றில் சின்னப் படகு வைத்துத் தொழில் செய்கிறவர். சட்டையைத் தோய்த்துப் போட்டிருந்தார், கையில் மட்டும் வலையின் மணம். ஜெனிற்றா கதிரையில் இருக்கவில்லை. வெட்டிப் போட்டிருந்த கல் துண்டுகளின் மேல் போய் இருந்தாள்.

"ஒரு சின்னக் கல்லு வேணும் அண்ணை," என்றார் அன்ரன்.

"எவ்வளவு சின்னன்?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அது கல்லின் அளவு இல்லை என்று எனக்கு உடனே விளங்கியது. அவர் பிள்ளையின் நீளத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன பேர் வெட்டுறது?"

அன்ரன் மனைவியைப் பார்த்தார்.

"ஸ்ரெல்லா," என்றாள் ஜெனிற்றா.

"கோயில் கடிதம் கொண்டு வந்தீங்களோ?"

அன்ரன் என் பக்கம் குனிந்து, "அண்ணை, நீங்கள் ஆருக்கும் தெரியாம வெட்டித் தாங்கோ. பின்னேரமாக் கொண்டுபோய் நானே நட்டு விடுறன்," என்றார்.

நான் மறுத்தேன். கடிதம் இல்லாமல் வைத்த ஒரு கல்லைப் பங்குச் சபையார் கிளப்பி எடுத்து, வாசலடியில் முகம் குப்புறப் போட்டிருந்ததை ஒருமுறை கண்டிருக்கிறேன். அந்த வீட்டுத் தாய் அந்த வழியாகத்தான் பூசைக்கு வந்தார். ஸ்ரெல்லாவின் பெயர் அப்படி மண்ணில் முகம் வைத்துக் கிடப்பதை ஜெனிற்றா காணக் கூடாது. இதை அவர்களுக்குச் சொல்லவில்லை. "கடிதம் ஏன் தரேல்லை?" என்று மட்டும் கேட்டேன்.

அன்ரன் வாய் திறக்க முதல் ஜெனிற்றா சொல்லத் தொடங்கினாள். குரல் தட்டையாக இருந்தது, பல தடவை தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

"மாதம் நிறைய முந்திப் பிறந்திட்டா அண்ணை. இவர் கடலுக்குப் போயிட்டார். பிள்ளைக்கு மூச்சு எடுக்கக் கஷ்டம். எனக்கும் இரத்தம் நிக்கேல்லை. ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோக ஆயத்தம் செய்யினம். எனக்கு விளங்கிட்டுது, பிள்ளை நிக்காது எண்டு. எங்கட வேதக்காரர் ஆரும் வாட்டில நிக்கினமோ எண்டு கேட்டன். ஒருத்தரும் இல்லை. ஒரு முஸ்லிம் நேர்ஸ் மிஸ்தான் நிண்டவ. எருக்கலம்பிட்டிப் பக்கம் எண்டு கதைச்சது கேட்டது. அவட கையைப் பிடிச்சன். மிஸ், என்ர பிள்ளையின்ர தலையில தண்ணி ஊத்துங்கோ, ஊத்தேக்க இப்பிடிச் சொல்லுங்கோ எண்டு சொல்லிக் குடுத்தன். பாதியில எனக்கு இருட்டிக்கொண்டு வந்திட்டுது. அவ பைப்படிக்குப் போனதைக் கண்டன். பிறகு ஒண்டும் தெரியாது."

"ஊத்தினவவோ?"

"அதுதான் அண்ணை தெரியாது."

அவள் கண் விழித்தபோது பிள்ளையை அடக்கி முடித்திருந்தார்கள். அடக்கத்தின் போது கோயில் மூப்பர் ஒருவர், சேமக்காலையைப் பார்க்கிறவர், அன்ரனிடம், "ஞானஸ்நானம் குடுத்ததோ?" என்று கேட்டிருக்கிறார். கடலிலிருந்து நேரே வந்த அன்ரனுக்கு என்ன தெரியும்? இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். அதனால் குழந்தைகள் வரிசைக்கு வெளியே, வேலி ஓரத்தில் குழி வெட்டினார்கள். மரச்சிலுவையில் "அன்ரனின் குழந்தை" என்று பெயின்றால் எழுதினார்கள். கோயில் இன்றைக்கு அப்படிப் பிரிக்கச் சொல்வதில்லை. ஆனாலும் எங்கள் கரையில் பழைய வழக்கம் காலிலேயே இருக்கிறது. தோண்டுகிறவனின் கால் தானாக வேலி ஓரத்துக்குப் போகும்.

"அந்த மிஸ்ஸைத் தேடிக் கேக்கேல்லையோ?" என்றேன்.

"ஒருக்கா கிளினிக்கில கண்டனான். திரும்பி வந்திட்டன்."

"ஏன் பிள்ளை?"

"ஊத்தேல்லை எண்டு சொல்லிப்போட்டா?"

மூப்பரின் கேள்வி

அடுத்த நாள் அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பங்கு மனைக்குப் போனேன். கடிதம் கேட்பது என் வேலையில் ஒரு பகுதி, ஆகவே போவதற்கு ஒரு சாட்டு இருந்தது.

சேமக்காலைக்குப் பொறுப்பான மூப்பர் சூசைப்பிள்ளை. மெலிந்த, நிமிர்ந்த மனுசர். சட்டைப் பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். நான் வைக்கிற ஒவ்வொரு கல்லையும் வந்து அளப்பார். ஒரு விரற்கடை கூடினாலும் விடமாட்டார். "உம்மைச் சும்மா விட்டா அடுத்தவன் சாண் கேப்பான், அதுக்கடுத்தவன் கோபுரம் கேப்பான்," என்பார். நான் அவரோடு எத்தனையோ தடவை வாய்ச்சண்டையில் கொழுவியிருக்கிறேன். ஆனால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே நாடாதான் பிடிப்பார். அதனால் எனக்கு அவரில் மரியாதை.

ஜெனிற்றா சொன்னதை அவர் முழுவதும் கேட்டார்.

"கல்லு வையுங்கோ. நான் தடுக்கேல்லை," என்றார். "சிலுவை போடுங்கோ. அன்ரன் ஜெனிற்றாவின் பிள்ளை எண்டு எழுதுங்கோ. ஆனாப் பேர் போடேலாது. பேர் ஞானஸ்நானத்தோட வாறது."

"மிஸ் குடுத்திருப்பா ஐயா."

"அந்த மிஸ் எங்கட சனமோ?"

"இல்லை. முஸ்லிம்."

மூப்பர் மெதுவாக, கையால் அவள் தலையைத் தடவுகிறவர் மாதிரிச் சொன்னார்: "பிள்ளை, அவ ஊத்தியிருந்தாலும் அது ஞானஸ்நானம் இல்லையம்மா. பிள்ளையில தண்ணி பட்டது, அவ்வளவுதான்."

அவர் மெதுவாகச் சொன்னதால்தான் அது அவ்வளவு ஆழம் இறங்கியது. ஜெனிற்றா அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

முற்றத்தில் மோட்டார் சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த பாதர் இதைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கைகளைப் பழந்துணியில் துடைத்தபடியே, "அப்பிடி இல்லை ஐயா," என்றார்.

"எப்பிடி இல்லை சுவாமி?"

"சாகப்போற நேரத்தில ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாம். தான் ஞானஸ்நானம் வாங்காத ஆளும் குடுக்கலாம். தண்ணி வேணும், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே எண்ட அந்த வசனம் வேணும், திருச்சபை செய்யிறதைத்தான் நானும் செய்யிறன் எண்ட எண்ணம் வேணும். மூண்டும் இருந்தா அது செல்லும்."

"இவ்வளவு காலமும் நான் கேள்விப்படேல்லையே."

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் உங்களிட்ட வந்து கேக்கேல்லை ஐயா."

பாதர் ஜெனிற்றாவின் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆனா அவ ஊத்தினவவோ, சொன்னவவோ எண்டு எனக்குத் தெரிய வேணும். தெரியாம நான் புத்தகத்தில எழுதேலாது. கேக்க உங்களுக்குப் பயமா இருக்கோ?"

ஜெனிற்றா ஓம் என்று தலையை ஆட்டினாள். அந்த அறையில் அவளுக்கு இருந்தது அவ்வளவுதான்: ஊத்தியிருக்கலாம் என்கிற ஒரு சாடை நம்பிக்கை. கேட்கப் போனால் அதுவும் போய்விடலாம்.

எருக்கலம்பிட்டியில் நான் நிறைய வீடுகளுக்கு டைல்ஸ் பதித்திருக்கிறேன். இடம்பெயர்ந்து போயிருந்த குடும்பங்கள் திரும்பி வந்து வீடு கட்டிய காலத்தில் எனக்கு அங்கே ஓய்வில்லாத வேலை. அதில் ஒரு வீட்டுப் பிள்ளை நசீமா, பிரசவ வாட்டில் நேர்ஸ். "எனக்கு அந்த வீடு தெரியும் எண்டு நினைக்கிறன்," என்றேன்.

"அப்ப போவம்," என்றார் பாதர்.

"நானும் வாறன்," என்றார் மூப்பர். "என்ர காதால கேட்டாத்தான் எனக்குச் சரிவரும்."

எருக்கலம்பிட்டியில் ஒரு பின்னேரம்

என் சின்ன லொறியில் ஜெனிற்றா முன்னால் இருந்தாள். பின்னால் கல்லுத் துண்டுகளுக்கும் மணல் மூட்டைக்கும் நடுவில் மூப்பரும் அன்ரனும். பாதர் மோட்டார் சைக்கிளில். வழியில் ஜெனிற்றா ஒரே ஒரு தடவை பேசினாள்: "அண்ணை, கொஞ்சம் மெதுவா ஓடுங்கோ." லொறி ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கேற்றைத் திறந்தது நசீமாதான். என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"அண்ணன்! இப்பவாவது வந்தீங்களே! உங்கட குசினி டைல்ஸ் ஒண்டு கால் வெச்சாப் பேசுது. டக்கு டக்கு எண்டு. உம்மா பயந்து அந்தப் பக்கம் சமைக்கப் போறதே இல்ல."

"அது பிறகு பாப்பம் தங்கச்சி," என்று விலகினேன். என் முதுகுக்குப் பின்னால் நின்ற ஜெனிற்றாவை அப்போதுதான் அவள் கண்டாள். சிரிப்பு நின்றது.

"நீங்க... அந்தக் கட்டில்ல இருந்தவங்க."

"ஓம் மிஸ்."

நசீமா பின்னால் நின்ற பாதரையும் மூப்பரையும் பார்த்தாள். எதற்காக வந்திருக்கிறோம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. "உள்ள வாங்க," என்றாள், சத்தமில்லாமல்.

முன்னறையில் இருந்தோம். அவளுடைய உம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, ஆட்களைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். நசீமா கதவை அரைவாசி சாத்தினாள்.

"பாதர், இதால என்ட வேலைக்கு ஏதும் வருமா?"

"வராது."

"எங்கட ஆக்கள் ஏதும் சொல்லுவாங்களோ எண்டும் இருக்கு. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. உம்மாவுக்கும் சொல்லல்ல."

"நாங்கள் வெளியில கதைக்கமாட்டம். உங்களுக்கு விருப்பமில்லையெண்டா இந்தத் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போயிடுவம்."

நசீமா ஜெனிற்றாவைப் பார்த்தாள். ஜெனிற்றா அவளைப் பார்க்கவில்லை. மடியில் வைத்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் நான் தரையைப் பார்த்தேன். நானே பதித்த தரை. எங்கே போய் ஒளிப்பது என்று தெரியாதபோது மேசனுக்குத் தரைதான்.

"ஊத்தினன்," என்றாள் நசீமா.

அன்ரன் மூச்சு விட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அவங்க சொல்லித் தந்தாங்க. பாதியில கண் செருகிட்டு. எல்லாரும் ஓடி வந்து அவங்களைத் தள்ளிக்கொண்டு போயிட்டாங்க. டொக்டர் பிள்ளையைப் பாத்துட்டு, இனி ஒண்டும் செய்யேலாது, பக்கத்தில நில்லுங்க எண்டு சொல்லிட்டுப் போனார். பிள்ளையும் நானும்தான். தாய் என்ட கையைப் பிடிச்ச இடம் சிவந்துபோய் இருந்தது. அதைப் பாத்துக்கொண்டே நிண்டன்."

மூப்பர் முன்னால் சாய்ந்தார். "தாய் பாதிதானே சொன்னவ? மிச்சம் உங்களுக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை?"

"நான் கொன்வென்ற்ல படிச்சவ ஐயா. காலையில அசெம்பிளியில அந்த வசனத்தை ஒவ்வொரு நாளும் கேக்கிறது. முஸ்லிம் பிள்ளைகள் நாங்க வாயை மூடிக்கொண்டு நிப்பம். அண்டைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னது."

"இப்ப ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோவன்."

"இல்ல ஐயா." நசீமாவின் குரல் உயரவில்லை, ஆனால் இறுகியது. "அது என்ட மார்க்கத்து வசனம் இல்ல. அண்டைக்கு அந்தத் தாய்க்காகச் சொன்னது. சும்மா சொல்லிக் காட்டமாட்டன்."

மூப்பர் அவளையே பார்த்தார். வாழ்நாள் முழுக்கச் சட்டம் பிடித்த மனுசர், இன்னொருவர் சட்டம் பிடிப்பதைக் கண்டால் அவருக்குத் தெரியும். "சரி பிள்ளை," என்றார். "சரி. கேட்டது என்ர பிழை."

"தலையிலயோ ஊத்தினீங்கள்?" என்று பாதர் கேட்டார்.

"தலையில. மூணு தரம். அவங்க அப்பிடித்தான் சொன்னவங்க."

"ஊத்தேக்க மனசில என்ன நினைச்சீங்கள்?"

நசீமா யோசித்தாள். "அந்தத் தாய் கேட்டது நடக்கோணும் எண்டு. உங்கட கோயில்ல எப்பிடிச் செய்வாங்களோ அப்பிடி நடக்கோணும் எண்டு. வேறொண்டும் நினைக்கல்ல."

"அது போதும்," என்றார் பாதர்.

நான் நினைத்தேன், முடிந்தது என்று. எழும்பவும் ஆயத்தமானேன். அப்போது நசீமாவே சொன்னாள்: "ஒரு பிழை விட்டுட்டன் பாதர். பேரைச் சொல்லி ஊத்துங்க எண்டு அவங்க சொன்னாங்க. பேர் என்னெண்டு சொல்ல முந்தி மயங்கிட்டாங்க. கட்டில்ல தொங்கின அட்டையில வெறும் பேபி எண்டுதான் கிடந்தது. பேரில்லாம ஊத்துறதா எண்டு எனக்குத் தெரியாது. உங்கட ஆக்கள் வைக்கிற பேர் ஒண்டும் வாயில வரல்ல. மரியம் எண்டு சொல்லித்தான் ஊத்தினன்." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்தாள்: "அது உங்கட வேதத்திலயும் இருக்கிறவங்கட பேர்தானே. எங்கட கிதாபிலயும் இருக்கு. பிழையெண்டா மன்னிச்சுக்கொள்ளுங்க."



பாதர் ஜெனிற்றாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஸ்ரெல்லா எண்டு வைக்க நினைச்சிருந்தீங்கள். தாய் தகப்பன் வைச்ச பேரும் பேர்தான். அதையே போட விருப்பமெண்டா நான் கடிதம் தாறன். ரெண்டையும் போட்டாலும் சரி."

ஜெனிற்றா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். நசீமாவைத்தான் பார்த்தாள்.

"வேண்டாம் பாதர். என்ர பிள்ளை காதால கேட்ட பேர் அதுதான். நான் வைச்ச பேரை அவ கேக்கவேயில்லை."

அன்ரன் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். மூப்பர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மரியம் எண்டு வெட்டும். எழுத்து ஒழுங்கா இருக்க வேணும், சொல்லிப்போட்டன்."

செங்கல்

முழங்காலளவுக் கல். தட்டையான முகம், மேல் விளிம்பு மட்டும் கொஞ்சம் வளைவு. ஒரு சின்னச் சிலுவை, அதன் கீழ் பெயர், அதன் கீழ் தாய் தகப்பன் பெயர். எனக்கு அதிக வேலை இல்லை. இருந்தும் நான்கு எழுத்துக்காக ஒரு முழுக் காலையும் எடுத்தேன். ஸ்டிக்கரை ஒட்டுவேன், தள்ளி நின்று பார்ப்பேன், உரிப்பேன், மறுபடி ஒட்டுவேன். பெரிய குடும்பங்களின் நீண்ட கல்லெல்லாம் எனக்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

கல் வைக்கிற நாளில் ஒரு சிக்கல் வந்தது. வரிசையை நாங்கள் நூலால் பிடிப்போம். சேமக்காலை நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் அடியில் நூலைக் கட்டி, வரிசையின் கடைசிவரை இழுத்து, அந்த நூலில்தான் கல்லின் முகம் நிற்க வேண்டும். மேடு எப்படிக் கிடந்தாலும் கல் நூலுக்கு வர வேண்டும். ஆனால் இந்தப் பிள்ளை வரிசைக்கு வெளியே கிடந்தாள். குழந்தைகள் வரிசை முடிகிற இடத்தில், மண்ணில் பாதி தாழ்ந்தபடி ஒரு செங்கல் கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கு அப்பால் வேலி ஓரம். அங்கே பெயரில்லாத மேடுகள், சில மேடாகவும் இல்லை. அங்கே எந்தக் காலத்திலும் எவரும் நூல் பிடித்ததில்லை.

"நூலை எங்க ஐயா நிப்பாட்டிறது?" என்று மூப்பரிடம் கேட்டேன்.

அவர் நூல் உருண்டையை என் கையிலிருந்து வாங்கினார். பெரிய சிலுவையடியிலிருந்து நடந்தார். குழந்தைகள் வரிசை முழுவதும் நடந்தார். செங்கல் கோட்டில் நின்றார். பிறகு குனிந்து, ஒரு செங்கல்லைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார். வரவில்லை. அன்ரன் ஓடிப்போய்ப் பிடித்தார். ஒன்று வந்தது. அடுத்தது வந்தது. உப்பு ஊறி, கையில் பிடிக்கப் பிடிக்க உதிர்கிற செங்கல். மூப்பர் ஒவ்வொன்றையும் வேலிக்கு மேலால் அப்பால் போட்டார்.

"என்ர தம்பி ஒருத்தனும் இந்தப் பக்கம்தான் எங்கேயோ," என்றார், எவரையும் பார்க்காமல். "பேர் வைக்க முந்திப் போனவன்."

பிறகு நூலை வேலிவரை இழுத்துக் கட்டினார்.

நான் கல் நிற்கிற பேஸை இறக்கினேன். மட்டம் வைத்தேன். கம்பி முளையில் கல்லை ஏற்றி, சீமெந்து விட்டு, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தேன். மூப்பர் நாடாவை எடுத்து உயரம் அளந்தார். அதை விடுவாரோ! முழங்காலளவுக் கல்லுக்கு முதுகு கொடுக்க முடியாது என்பதால் நான் தரையில் இருந்து தோளால் உரஞ்சிப் பார்த்தேன். ஜெனிற்றா சிரித்தாள். பட்டறைக்கு வந்த நாளிலிருந்து நான் கண்ட முதல் சிரிப்பு.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வைத்திருப்பது இவ்வளவுதான். சட்டத்தைப் படியுங்கள், முழுக்கப் படியுங்கள். "ஏலாது" என்கிற வரியோடு நிறுத்திவிடாதீர்கள், அதற்குக் கீழேயும் வரிகள் இருக்கும். பெயர் இல்லாமல் ஒருவர் கல் கேட்டு வந்தால் இப்போது நான் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்: அந்த நேரம் பக்கத்தில் யார் நின்றது? அநேகமாக யாரோ நின்றிருக்கிறார்கள்.

பின்னேரம் நாங்கள் சாமான்களை ஏற்றும்போது நசீமா ஸ்கூட்டரில் வந்து வாசலடியில் நிறுத்தினாள். டியூட்டிக்குப் போகிற உடுப்பு. உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"வாங்கோ பிள்ளை," என்று மூப்பர் கூப்பிட்டார். "இஞ்ச ஆரும் வரலாம். கழுதையே வருது."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து வந்தாள். கல்லுக்கு முன்னால் நின்று பெயரை வாசித்தாள். தொடவில்லை. இரண்டு கையையும் கொஞ்சம் உயர்த்தி, உதடு அசைய, தனக்குத் தெரிந்ததை ஓதினாள். மூப்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நேரம் போகுது, நான் வாறன்," என்று அவள் திரும்பினாள். ஸ்கூட்டரில் ஏறி, முக்காட்டுக்கு மேலால் ஹெல்மெட் போட்டு, திறப்பைத் திருகி ஸ்டார்ட் பண்ணினாள். ஜெனிற்றா மணலில் ஓடினாள். கைப்பிடியில் கையை வைத்து மறித்தாள்.

"மிஸ், ஒண்டு மட்டும். அந்தத் தண்ணி அவவுக்குக் குளிர்ந்திருக்குமோ?"

நசீமா ஸ்கூட்டரை நிற்பாட்டினாள்.

"இல்லம்மா. பைப் தண்ணி குளிரெண்டு, ஒவ்வொரு தரமும் கைக்குள்ள வெச்சுச் சூடாக்கிட்டுத்தான் ஊத்தினன்."